மலிவு ஒன்றே அளவுகோலா?
வழங்குநரைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றிய சிந்தனைகள்

(கொள்முதல் அலுவலர்களும் நிருவாகவியல் மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட உரை)

ஒரு தொழிற்சாலையின் முன்வாயிலில் வந்து இறங்கும் மூலப்பொருளே அதன் பின்வாயிலில் வெளியேறும் பண்டத்தின் தரத்தைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. மட்டமான வார்ப்படத்தைக் கொண்டு நல்ல பம்புசெட்டைச் செய்ய இயலாது. நைந்த நூலைக் கொண்டு உறுதியான துணியை நெய்ய இயலாது. தொழிற்சாலைக்கு மட்டுமன்றி, மருத்துவமனை, பள்ளி, பாசனத் துறை, ரயில்வே என எந்த அமைப்புக்கும் இவ்வுண்மை பொருந்தும். ஓர் அமைப்பு யாரிடமிருந்து பொருள் வாங்குகிறதோ அவருடைய திறனும் நேர்மையும் அவ்வமைப்பின் பணியில் தவறாது வெளிப்படும். ஆகவே வழங்குநரைத் தேர்ந்தெடுத்தல் பண்டகசாலை எழுத்தரின் அன்றாட அலுவல் மட்டுமன்று. நிருவாகம் எடுக்கும் மிக முக்கியமான முடிவுகளுள் அதுவும் ஒன்று.

இத்துணை முக்கியமான முடிவு நடைமுறையில் இரண்டு வழிகளுள் ஒன்றில் எடுக்கப்படுகிறது. விலைப்புள்ளிகளை வரிசைப்படுத்தி மிகக் குறைந்த விலையைக் குறித்தவருக்கு ஆணை வழங்குவது ஒரு வழி. நெடுநாள் அனுபவமுள்ள அலுவலர் ஒருவர் தம் மனத்திற்குப் பட்டபடி தேர்ந்தெடுப்பது மற்றொரு வழி. முதல் வழியில் தரமும் காலமும் கணக்கில் வாராமற் போகின்றன. இரண்டாம் வழியில் முடிவுக்குரிய காரணங்கள் ஏட்டில் ஏறுவதில்லை. அலுவலர் ஓய்வு பெறும்போது அவையும் அவருடனேயே சென்றுவிடுகின்றன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மூன்றாம் வழியொன்று உண்டா என்பதே இவ்வுரையின் பொருள்.

குறைந்த விலை என்னும் காவல்

குறைந்த விலைக்கே ஆணை என்னும் மரபு அறியாமையால் பிறந்ததன்று. பொதுப்பணத்தைச் செலவிடும் இடத்தில் தனி மனிதரின் விருப்பு வெறுப்புக்கு இடமிருத்தல் ஆகாது என்னும் எண்ணமே அதன் அடிப்படை. எண்ணுக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை. எந்தச் செல்வாக்கும் இல்லாத சிறு தொழில் முனைவோர் ஒருவர், செல்வாக்கு மிக்க பெரிய நிறுவனத்தை வென்று ஆணை பெற முடிவது இம்மரபினால்தான். தணிக்கையின் வினாவுக்கு விடையளிப்பதும் எளிது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1964-இல் அமைக்கப்பட்ட காலந்தொட்டு, விலையில் முதலாவதாக நிற்பவரை விட்டு வேறொருவருக்கு ஆணை வழங்க எந்த அலுவலரும் எளிதில் துணிவதில்லை. அத்தயக்கத்திற்கும் நியாயம் உண்டு.

எனினும் இக்காவல் சரிவரப் பயன்பட இரு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். வாங்கப்படும் பொருளின் இயல்புகள் அனைத்தையும் முன்கூட்டியே எழுத்தில் வரையறுக்க இயல வேண்டும் என்பது முதல் நிபந்தனை. வந்து சேரும் பொருள் அவ்வரையறைக்கு ஒத்திருக்கிறதா என ஏற்குமுன்னரே சோதித்தறிய இயல வேண்டும் என்பது இரண்டாவது. எழுதுதாள், சர்க்கரை, தரமுத்திரை பெற்ற சிமெண்டு போன்றவற்றில் இவ்விரண்டும் பெருமளவு நிறைவேறுகின்றன. அங்குக் குறைந்த விலையே தக்க அளவுகோல். ஆனால் உள்ளே காற்றுக்குமிழி ஒளிந்திருக்கும் வார்ப்படம், ஐந்தாண்டுகள் பராமரிக்கப்பட வேண்டிய மருத்துவக் கருவி, ஆலோசகரின் அறிவுத்திறன் ஆகியவற்றில் இந்நிபந்தனைகள் நிறைவேறுவதில்லை. இங்கு விலைப்புள்ளியில் காணும் தொகை, வாங்குபவர் உண்மையில் செலுத்தப்போகும் தொகையின் ஒரு பகுதியே ஆகும்.

விலைப்புள்ளியில் எழுதப்படாத செலவு

பம்புசெட்டு உற்பத்தி செய்யும் ஒரு தனியார் நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதற்கு வார்ப்படம் வழங்க மூன்று வார்ப்பட ஆலைகள் முன்வருகின்றன. கிலோ ஒன்றுக்கு முதல் ஆலை 90 ரூபாயும், இரண்டாம் ஆலை 100 ரூபாயும், மூன்றாம் ஆலை 108 ரூபாயும் கேட்கின்றன. முன்னர் வாங்கிய சரக்கில் கழிக்கப்பட்டவை முறையே 6, 3, 2 விழுக்காடு எனப் பதிவேடு காட்டுகிறது. வார்ப்படத்தைக் கடைசல் பிடித்து முடிக்கக் கிலோவுக்கு 60 ரூபாய் செலவாகிறது. குறைபாடு பெரும்பாலும் கடைசலுக்குப் பின்னரே கண்ணுக்குப் புலனாகிறது. கழிக்கப்பட்ட சரக்குக்கு ஈடு கிடைப்பதில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இந்நிலையில் பயன்படத்தக்க ஒவ்வொரு கிலோவுக்கும் ஆகும் உண்மைச் செலவு என்ன? முதல் ஆலையின் 90 ரூபாயோடு 60 ரூபாயைக் கூட்டி 0.94-ஆல் வகுத்தால் 159 ரூபாய் 57 காசு வருகிறது. இவ்வாறே இரண்டாம் ஆலைக்கு 164 ரூபாய் 95 காசும், மூன்றாம் ஆலைக்கு 171 ரூபாய் 43 காசும் ஆகின்றன. முதல் ஆலையே இன்னும் மலிவானது. ஆனால் அதற்கும் இரண்டாம் ஆலைக்கும் இடையே 10 ரூபாயாகத் தோன்றிய வேறுபாடு 5 ரூபாய் 38 காசாகச் சுருங்கிவிட்டது. மூன்றாம் ஆலையோடு இருந்த 18 ரூபாய் வேறுபாடும் 11 ரூபாய் 86 காசாகக் குறைந்துவிட்டது.

ரூபாயில் அளக்கக் கூடியவற்றை முதலில் ரூபாயிலேயே அளந்துவிட வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் முதற்பாடம். இதற்கு உயர்கணிதம் தேவையில்லை. ஒழுங்காக எழுதப்பட்ட கழிவுப் பதிவேடு ஒன்று போதும். பல அலுவலகங்களில் இப்பதிவேடு இல்லாமையே உண்மையான குறை.

ஆயினும் எல்லாவற்றையும் ரூபாயாக மாற்ற இயலாது. நடவுக் காலத்தில் வயலில் நின்றுபோகும் பம்புசெட்டு, அதை வாங்கிய விவசாயிக்கு ஏற்படுத்தும் இழப்பு நிறுவனத்தின் கணக்கேட்டில் வருவதில்லை. நிறுவனம் இழக்கும் நற்பெயருக்கும் விலை குறிக்க முடிவதில்லை. சரக்கு உரிய நாளில் வந்து சேராமையால் தொழிலாளர் வேலையின்றி இருப்பதை ஓரளவு கணக்கிடலாம். கைவிட்டுப் போன வாடிக்கையாளரைக் கணக்கிட இயலாது. இத்தகைய பல்வேறு அளவுகோல்களை ஒருங்கே எடைபோடும் தேவை இங்கேதான் எழுகிறது.

வாங்குவோர் உண்மையில் எவற்றை மதிக்கின்றனர் என்பது பற்றிய ஆய்வுகளுள் முன்னோடியானது, டிக்சன் என்னும் அறிஞர் 1966-இல் அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் கொள்முதல் மேலாளர்களிடம் நடத்திய ஆய்வு. அவர் 23 அளவுகோல்களை வரிசைப்படுத்தினார். தரம் முதலிடத்தையும், உரிய காலத்தில் வழங்குதல் இரண்டாம் இடத்தையும், வழங்குநரின் கடந்தகாலச் செயற்பாடு மூன்றாம் இடத்தையும் பெற்றன. விலைக்குக் கிடைத்தது ஆறாம் இடமே.

படிநிலைப் பகுப்பாய்வு முறை

பல அளவுகோல்களை ஒருங்கே எடைபோட உருவாக்கப்பட்ட முறைகளுள் பரவலாகக் கையாளப்படுவது படிநிலைப் பகுப்பாய்வு முறை. இதனை 1970-களில் உருவாக்கியவர் தாமஸ் சாட்டி என்னும் கணித அறிஞர். 1926-இல் ஈராக்கின் மோசுல் நகரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இவர், 1960-களில் அந்நாட்டின் ஆயுதக் கட்டுப்பாட்டு முகமையில் இருந்தவர். இம்முறையை விளக்கும் இவருடைய நூல் 1980-இல் வெளிவந்தது. 2017-இல் இவர் காலமானார்.

இம்முறையின் அடிப்படை எளிது. சிக்கலான ஒரு முடிவைப் படிகளாகப் பிரிக்க வேண்டும். மேற்படியில் குறிக்கோள் நிற்கும். அடுத்த படியில் அளவுகோல்கள். கீழ்ப்படியில் தேர்வுக்குரிய வழங்குநர்கள். பின்னர் ஒவ்வொரு படியிலும் உள்ளவற்றை இரண்டிரண்டாக ஒப்பிட வேண்டும். பத்துப் பொருள்களுக்கு ஒரே நேரத்தில் மதிப்பெண் இடுவதைவிட, இரண்டை அருகருகே வைத்து எது மேல், எவ்வளவு மேல் எனச் சொல்வது மனித மனத்திற்கு எளிது. காய்கறிக் கடையில் இரு கத்தரிக்காய்களைக் கையிலேந்தி ஒப்பிடுபவரும் செய்வது இதுவே.

ஒப்பீட்டின் அளவை 1 முதல் 9 வரையுள்ள எண்களால் குறிக்க வேண்டும். இரண்டும் சமமானால் 1. ஒன்று மற்றதைவிடச் சற்றே முக்கியமானால் 3. நன்கு முக்கியமானால் 5. மிகவும் முக்கியமானால் 7. ஒப்பிட இயலாத அளவுக்கு முக்கியமானால் 9. இடைப்பட்ட நிலைகளுக்கு 2, 4, 6, 8. தரம் விலையைவிட 2 மடங்கு முக்கியம் எனில், விலை தரத்தில் 2-இல் 1 பங்கு எனத் தானாகவே அமையும். மூன்று அளவுகோல்களுக்கு 3 ஒப்பீடுகள், நான்குக்கு 6, ஏழுக்கு 21 என ஒப்பீடுகளின் எண்ணிக்கை விரைந்து பெருகும். எனவே ஒரு படியில் ஏழுக்கு மேற்பட்ட அளவுகோல்களை வைக்காதிருத்தல் நலம்.

மேற்கண்ட பம்புசெட்டு நிறுவனம் நீடித்த உழைப்பு, மொத்தச் செலவு, காலந்தவறாமை ஆகிய மூன்றை அளவுகோல்களாகக் கொள்கிறது. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஆலைக்குள் கழிக்கப்படும் சரக்கின் இழப்பு ஏற்கெனவே மொத்தச் செலவில் சேர்ந்துவிட்டது. அதனையே தரம் என்னும் பெயரில் மறுபடியும் எண்ணினால் ஒரே குற்றத்திற்கு இருமுறை தண்டனை விதித்ததாகும். ஆகவேதான், தரத்தின் இடத்தில் வயலில் நீடித்து உழைக்கும் தன்மை மட்டும் கொள்ளப்பட்டது.

நிறுவனத்தின் குழு, நீடித்த உழைப்பு மொத்தச் செலவைவிட 2 மடங்கும், காலந்தவறாமையைவிட 4 மடங்கும் முக்கியம் எனக் கருதுகிறது. மொத்தச் செலவு காலந்தவறாமையைவிட 3 மடங்கு முக்கியம் எனக் கருதுகிறது. இவற்றை மூன்று வரிசையும் மூன்று நிரலும் கொண்ட கட்டமாக எழுதி, ஒவ்வோர் எண்ணையும் அதன் நிரலின் கூட்டுத்தொகையால் வகுத்து, பின் வரிசைதோறும் சராசரி கண்டால் எடைகள் கிடைக்கும். நீடித்த உழைப்புக்கு 0.56, மொத்தச் செலவுக்கு 0.32, காலந்தவறாமைக்கு 0.12 என அவை அமைகின்றன. மூன்றின் கூட்டுத்தொகை 1.

அடுத்து, ஒவ்வோர் அளவுகோலிலும் மூன்று ஆலைகளும் ஒப்பிடப்படுகின்றன. நீடித்த உழைப்பில் மூன்றாம் ஆலை இரண்டாவதைப்போல் 2 மடங்கும், இரண்டாவது முதலாவதைப்போல் 2 மடங்கும் சிறந்தது. ஆகவே மதிப்புகள் 0.14, 0.29, 0.57. மொத்தச் செலவில் மேலே கண்ட ரூபாய்க் கணக்கைத் தலைகீழ் விகிதமாகக் கொண்டால் 0.35, 0.33, 0.32. காலந்தவறாமையில் இரண்டாம் ஆலை மற்ற இரண்டைப்போல் 2 மடங்கு சிறந்தது. அங்கு மதிப்புகள் 0.25, 0.50, 0.25. இவற்றை உரிய எடைகளால் பெருக்கிக் கூட்டினால் முதல் ஆலை 0.22, இரண்டாம் ஆலை 0.33, மூன்றாம் ஆலை 0.45 பெறுகின்றன. விலைப்புள்ளி வரிசையில் கடைசியில் நின்ற ஆலை இங்கு முதலிடம் பெறுகிறது.

முரண்பாட்டை அளத்தல்

இம்முறையின் தனிச்சிறப்பு ஒன்றை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். நீடித்த உழைப்பு செலவைவிட 2 மடங்கு, செலவு காலத்தைவிட 3 மடங்கு எனச் சொன்ன குழு, நீடித்த உழைப்பு காலத்தைவிட 6 மடங்கு எனச் சொல்லியிருக்க வேண்டும். அது 4 மடங்கு என்றே சொன்னது. மனிதர் தீர்ப்புகளில் இத்தகைய சிறு முரண்பாடு இயல்பே. அது எல்லை மீறிவிட்டதா என்பதை அளக்க ஒரு விகிதம் உண்டு. எண்ணியபடியெல்லாம் குருட்டாம்போக்கில் எண்களை இட்டால் எவ்வளவு முரண்பாடு விளையுமோ, அதனோடு குழுவின் முரண்பாட்டை ஒப்பிடுவதே இவ்விகிதம். அது 0.10-க்கு உட்பட்டிருந்தால் தீர்ப்பை ஏற்கலாம். மிஞ்சினால் ஒப்பீடுகளைத் திரும்ப ஆராய வேண்டும். இவ்வெடுத்துக்காட்டில் அது ஏறத்தாழ 0.016, ஆகவே ஏற்கத்தக்கது. தம் தீர்ப்பு தமக்குள்ளேயே முரண்படுகிறதா என அலுவலர் சோதித்துக்கொள்ள இது வாய்ப்பளிக்கிறது.

குழுவில் பலர் இருப்பின் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒப்பிட்டு எழுதுதல் வேண்டும். மூத்த அலுவலர் முதலில் வாய் திறந்தால் இளையோர் அவரையே வழிமொழிவர் என்பது எல்லா அலுவலகங்களும் அறிந்த உண்மை. தனித்தனித் தீர்ப்புகளைச் சேர்க்கும்போது சாதாரணச் சராசரி தவறான விடை தரும். தரம் செலவைவிட 4 மடங்கு முக்கியம் என ஒருவரும், 4-இல் 1 பங்கே என மற்றொருவரும் கூறினால், இருவரின் கருத்தும் ஒன்றையொன்று சமன் செய்து 1 என்னும் விடை வர வேண்டும். கூட்டுச் சராசரி 2.125 எனக் காட்டும். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் காணும் பெருக்குச் சராசரியே 1 எனச் சரியாகக் காட்டும்.

எடைகளே முடிவு செய்கின்றன

மேற்கண்ட கணக்கில் ஆலைகளின் தரவுகள் எதனையும் மாற்றாமல் எடைகளை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். பருவமழைக்கு முன் பம்புசெட்டு விற்பனை உச்சத்தில் இருக்கும் மாதங்களுக்காகக் காலந்தவறாமைக்கு 0.50, நீடித்த உழைப்புக்கு 0.30, செலவுக்கு 0.20 என எடை தரப்படுகிறது எனக் கொள்ளலாம். அப்போது முதல் ஆலை 0.24, இரண்டாம் ஆலை 0.40, மூன்றாம் ஆலை 0.36 பெறும், இரண்டாம் ஆலை வெற்றி பெறும். செலவு ஒன்றையே கருதினால் முதல் ஆலை வெற்றி பெறும். ஆலைகள் அவையே, சரக்கும் அதுவே, எடைகளுக்கேற்ப வெற்றி மட்டும் கைமாறுகிறது.

இவ்வுண்மையில் இம்முறையின் பயனும் அதன் பேரிடரும் ஒருங்கே அடங்கியுள்ளன. எடையைக் குறிப்பவர் யாரோ அவரே வெற்றியாளரைக் குறிக்கிறார். விலைப்புள்ளிகளைத் திறந்து பார்த்தபின் எடைகளைக் குறிக்க அனுமதித்தால், வேண்டியவருக்கு ஆணை வழங்கிவிட்டு அதற்கு விஞ்ஞானத்தின் முத்திரையையும் இட்டுவிடலாம். ஓட்டம் முடிந்தபின் எல்லைக்கோடு வரைவதை ஒத்தது அச்செயல். அதைவிடக் குறைந்த விலை மரபே மேல்.

ஆகவே அளவுகோல்களும், அவற்றின் எடைகளும், மதிப்பெண் வழங்கும் முறையும் ஒப்பந்தப்புள்ளி கோரும் ஆவணத்திலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும். யாருடைய விலை என்ன என்பது எவருக்கும் தெரியாத நிலையில் அவை உறுதி செய்யப்பட வேண்டும். இந்நிபந்தனை காக்கப்படும் வரை, இம்முறை நேர்மையான அலுவலருக்குக் கேடயமாக விளங்கும். இம்முடிவு ஏன் எடுக்கப்பட்டது எனப் பின்னொரு நாளில் வினா எழுந்தால், நாளிட்டுக் கையொப்பமிட்ட ஒப்பீட்டுத் தாளே விடை கூறும். எடைகளைச் சற்றே கூட்டியும் குறைத்தும் முடிவு நிலைக்கிறதா எனச் சோதித்து, அச்சோதனையின் விளைவையும் கோப்பில் சேர்த்துவிடுதல் நன்று.

ஈடுசெய்ய இயலாதவை

எடையிட்டுக் கூட்டும் முறைகள் அனைத்திற்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு: ஓர் அளவுகோலில் உள்ள குறையை மற்றோர் அளவுகோலின் நிறை ஈடுசெய்துவிடும். வார்ப்படத்தில் இது பொருந்தலாம். மருந்தில் பொருந்தாது. மலிவு எவ்வளவாயினும் நஞ்சை ஈடுசெய்யாது.

1986-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அன்று பம்பாய் எனப்பட்ட மும்பையின் ஜே. ஜே. மருத்துவமனையில், மருந்தாகத் தரப்பட்ட கிளிசராலில் டை-எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் கலந்திருந்தமையால் 14 நோயாளிகள் உயிரிழந்தனர். நீதிபதி லெண்டின் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம், மருந்துக் கொள்முதலிலும் மருந்துக் கட்டுப்பாட்டிலும் நிலவிய சீர்கேடுகளை வெளிக்கொணர்ந்தது. கொள்முதல் பற்றிக் கற்போர் அனைவரும் மனத்திற் பதிக்க வேண்டிய நிகழ்ச்சி இது.

இதிலிருந்து பெறப்படும் விதி தெளிவானது. சில அளவுகோல்கள் எடையிடப்பட வேண்டியவை. சில வாயிற்படியாக நிற்க வேண்டியவை. படியைத் தாண்டாதவரின் விலை உறை திறக்கப்படவே கூடாது. இரு உறை முறையின் தத்துவமும் இதுவே. முதல் உறையில் தகுதியும், இரண்டாம் உறையில் விலையும் இருக்கும். 1994-இல் நிறுவப்பட்டு 1995-இல் பணி தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இரு உறை முறையைக் கையாண்டதோடு நில்லாமல், வந்து சேரும் ஒவ்வொரு தொகுதி மருந்தின் மாதிரியையும் ஆய்வகச் சோதனைக்கு அனுப்பி, தேறியபின்னரே மருத்துவமனைகளுக்கு வழங்கும் ஒழுங்கையும் மேற்கொண்டது. பிற மாநிலங்கள் சிலவும் பின்னர் இவ்வழியைப் பின்பற்றின. வாயிற்படி உறுதியாக இருந்தால் அதற்கப்பால் குறைந்த விலை அச்சமின்றித் தன் பணியைச் செய்யலாம் என்பதற்கு இது சான்று.

விதிகள் தரும் இடம்

அரசு அலுவலர் விதிகளின் எல்லைக்குள் நின்றே செயற்பட வேண்டியவர். தனியார் நிறுவனம் போல் விரும்பிய முறையை அவர் உடனே கையாள இயலாது. எனினும் விதிகளும் விலை ஒன்றையே வற்புறுத்துகின்றன எனக் கருதுவது தவறு. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், பொதுக் கொள்முதலின் அடிப்படைகளாகத் திறமை, சிக்கனம், வெளிப்படைத்தன்மை, வழங்குநரை நியாயமாக நடத்துதல், போட்டியை வளர்த்தல் ஆகியவற்றைக் குறிப்பிடுகின்றன. ஆலோசனைப் பணிகளுக்குத் தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பிடும் முறைக்கு அவ்விதிகளில் இடமுண்டு. அங்கு விலை சாராத கூறுகளின் எடை 80 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது.

நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட பொது அறிவுரைகள் இவ்வாயிலை மேலும் சற்றுத் திறந்தன. தரமே முதன்மையானது எனத் தகுதி வாய்ந்த அதிகாரி அறிவிக்கும் கட்டுமானப் பணிகளுக்கும், ஆலோசனை சாராத சேவைகளுக்கும் இக்கூட்டு மதிப்பீட்டை அவை அனுமதித்தன. விலை சாராத கூறுகளின் எடை அங்கு 30 விழுக்காட்டை மிஞ்சலாகாது. பொருள்களை வாங்குவதில் தகுதிப்படியைத் தாண்டியவர்களுள் குறைந்த விலை என்னும் மரபே தொடர்கிறது. எனவே பொருள் வாங்கும் அலுவலர், பகுப்பாய்வின் பயனைத் தகுதிப்படியைச் செம்மையாக வரையறுப்பதிலும், ஆயுட்காலச் செலவைக் கணக்கிடுவதிலும், வழங்குநரின் செயற்பாட்டைப் பதிவு செய்வதிலும் தேட வேண்டும்.

சமுதாய நோக்கங்களும் விதிகளில் இடம்பெற்றுள்ளன. குறு, சிறு தொழில்களுக்கான 2012-ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கை ஆணை, மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் குறிப்பிட்ட பங்கை இத்தொழில்களிடமிருந்து பெற வேண்டும் என விதித்தது. 20 விழுக்காடாக இருந்த அப்பங்கு 2018-இல் 25 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. குறைந்த விலையைவிட 15 விழுக்காடு வரை கூடுதலாகக் குறிப்பிட்ட சிறு தொழிலும், குறைந்த விலைக்கு இணங்கினால் ஆணையில் பங்கு பெறலாம். விலையோடு வேறு நோக்கங்களையும் எடைபோடுவது நம் நிருவாகத்திற்குப் புதிதன்று என்பதை இது காட்டும்.

முறையின் குறைகள்

எம்முறைக்கும் குறைகள் உண்டு. அவற்றை அறியாது கையாள்வது முறையை அறியாதிருப்பதைவிடத் தீங்கானது. பெல்ட்டன், கியர் என்னும் இரு ஆய்வாளர் 1983-இல் ஒரு குறையைச் சுட்டிக் காட்டினர். ஏற்கெனவே உள்ள ஒருவரை ஒத்த புதிய வழங்குநர் ஒருவரைப் பட்டியலில் சேர்த்தால், பிறருடைய தரவுகள் மாறாதிருக்கவும் அவர்களுடைய வரிசை தலைகீழாகலாம். இது முறையியலாரிடையே நெடிய விவாதத்தை எழுப்பியது. பட்டியலை உறுதி செய்தபின் எவரையும் சேர்ப்பதோ நீக்குவதோ கூடாது என்பது இதற்குரிய நடைமுறைக் காப்பு. இரு வழங்குநரின் மதிப்பு நெருங்கி நிற்கும்போது, மூன்றாம் தசமத் தானத்தை நம்பித் தீர்ப்பு வழங்குவதும் பொருந்தாது. எண்கள் தீர்ப்பின் நிழலே. நிழலின் நீளத்தைக் கொண்டு உயரத்தை மயிரிழை வரை அளக்க இயலாது.

கடந்தகாலச் செயற்பாட்டுக்கு மிகுந்த எடை தருவதிலும் ஒரு கேடு உண்டு. ஏற்கெனவே ஆணை பெற்றவரே மீண்டும் மீண்டும் பெறுவர். புதியவருக்குக் கதவு அடைபட்டே இருக்கும். புதிதாகத் தொடங்கப்பட்ட நிறுவனங்களுக்கு முன் அனுபவம், முன் விற்றுமுதல் ஆகிய நிபந்தனைகளைத் தளர்த்த 2017-ஆம் ஆண்டு விதிகள் இடமளிப்பது இக்கேட்டைக் கருதியே. ஆனால் அத்தளர்வும் தரத்தையும் தொழில்நுட்ப வரையறையையும் விட்டுக்கொடுப்பதாகாது.

மேலும், சிறு கொள்முதல்களுக்கு இத்துணை உழைப்பு வேண்டுவதில்லை. ஐந்நூறு ரூபாய்த் துடைப்பம் வாங்க ஐவர் குழு கூடுமானால் குழுவின் செலவே பொருளின் விலையை விஞ்சிவிடும். எந்தத் தவறு பெருந்தீங்கு விளைக்குமோ அங்கு மட்டும் முழுப் பகுப்பாய்வையும் கையாளுதல் அறிவுடைமை.

வாங்குபவரின் கடமை

வழங்குநருக்கு மதிப்பெண் இடும் நிறுவனம், தானும் வழங்குநரால் எடைபோடப்படுகிறது என்பதை மறத்தலாகாது. உரிய காலத்தில் பணம் தராத அலுவலகத்திற்கு நல்ல வழங்குநர் விலைப்புள்ளி அனுப்புவதையே நிறுத்திவிடுவர். அனுப்புவோரும் தாமதத்திற்கான வட்டியை விலையில் முன்னரே ஏற்றிவிடுவர். 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு வழங்குநருக்கு 45 நாட்களுக்கு மேற்படாத காலத்தில் பணம் செலுத்தப்பட வேண்டும் என விதிக்கிறது. இக்கடமை நிறைவேறாத இடத்தில் எத்துணை நுட்பமான தேர்வு முறையும் பயன் தராது. தேர்ந்தெடுக்கத்தக்க நல்லோரே அங்குப் போட்டிக்கு வாரார்.

தேர்வு என்பது ஆணையில் கையொப்பமிடுவதோடு முடிவதுமன்று. எந்த அளவுகோல்களால் வழங்குநர் தேர்ந்தெடுக்கப்பட்டாரோ, அவற்றாலேயே அவருடைய செயற்பாடு காலாண்டுதோறும் அளக்கப்பட்டு அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். எங்கே குறைந்தோம் என்பதை அறிந்த வழங்குநர் திருந்துவார். அடுத்த தேர்வுக்கு வேண்டிய தரவும் அலுவலகத்தின் கையிலேயே இருக்கும்.

சுருங்கக் கூறின், எடைபோடும் முறை எதுவாயினும் அது அலுவலரின் தீர்ப்புக்கு மாற்றாகாது; தீர்ப்பை வெளிச்சத்திற்குக் கொணரும் கருவியே ஆகும். விலை உறைகள் திறக்கப்படுமுன் எடைகளை எழுதி வைக்கும் துணிவும், உயிர் காக்கும் தகுதிப்படியை எந்த மலிவுக்கும் விட்டுக்கொடாத உறுதியும், எடுத்த முடிவின் காரணங்களை ஏட்டில் விட்டுச்செல்லும் ஒழுங்கும் அமையுமானால், பொதுப்பணம் உரிய பயனைத் தரும். நேர்மையான அலுவலரும் அஞ்சாது பணியாற்றுவார். இன்று கற்கும் மாணவர்கள் நாளை கொள்முதல் குழுக்களில் அமரும்போது இம்மூன்றையும் நடைமுறைக்குக் கொணர்வார்களாயின், மலிவும் தரமும் ஒன்றோடொன்று பகைக்க வேண்டிய தேவை பெரிதும் குறையும்.